எலி வளைக்கு அபராதம்

அரசுத் தானியக் கிடங்கில் எத்தனை எலி வளைகள் இருந்தால் கிடங்கு அதிகாரி தண்டனைக்கு உரியவர்? மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஒரு கேடயத்தின் விலை அபராதம். இரண்டு வரை என்றால் கண்டிப்போடு சரி. சுண்டெலி வளைகள் மூன்று சேர்ந்தால்தான் ஓர் எலி வளைக்குச் சமம்.

சின் அரசின் எழுத்தர் ஒருவர் மூங்கில் நறுக்குகளில் எழுதி வைத்திருந்த சட்ட விளக்கங்களில் இது ஒன்று. அவர் பெயர் ஷீ. கி.மு. 262இல் பிறந்தவர். சீனம் முழுவதும் ஒரு குடைக்கீழ் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, கி.மு. 217இல் இறந்தார். 1975 டிசம்பரில் ஹூபெய் மாகாணத்தின் யுன்மெங் பகுதியில், ஷுயிஹுதி என்ற இடத்தில் வாய்க்கால் வெட்டும்போது தட்டுப்பட்ட கல்லறைகளில் 11ஆம் எண் அவருடையது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உடலை ஒட்டியும் 1,155 மூங்கில் நறுக்குகள். பெரும்பகுதி சட்டம், சட்ட விளக்கம், வழக்கு விசாரிக்கும் முறை. மறுமையிலும் கச்சேரி நடக்கும் என்று வீட்டார் நம்பினார்கள் போலும்.

பழைய சீனம் என்றதும் நெடுஞ்சுவரும் சுடுமண் வீரர்களும் கண்முன் வருகிறார்கள். நாடுகளைப் பிடித்தது படைதான், அதில் ஐயமில்லை. பிடித்ததை வைத்துக்கொள்வது வேறு வேலை. அந்த வேலையைச் செய்த ஷீ போன்ற கணக்கர்களைப் பற்றி அரசவை வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. கடந்த நூறு ஆண்டுகளில் கல்லறைகளிலும் பாழ்கிணறுகளிலும் பாலைவனக் காவல் கோபுரங்களிலும் கிடைத்த நறுக்குகள் பேசுகின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால் சின், ஹான் பேரரசுகளின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன: யாரை, எதை, எவ்வளவு தூரம் எண்ண முடிந்தது என்பதில்.

எண்ணுவதில் சின் அரசு எவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்பதற்கு ஷீயின் நறுக்குகளே போதும். விதைத்தபின் மழை பெய்தால் எவ்வளவு பெய்தது, எத்தனை நிலம் பயன்பெற்றது என்று வட்ட அதிகாரி எழுதி அனுப்ப வேண்டும். வறட்சி, புயல், வெட்டுக்கிளி எதுவானாலும் அப்படியே. பக்கத்து வட்டங்கள் வேக ஓட்டக்காரர் வழியாகவும் தொலைவு வட்டங்கள் அஞ்சல் வழியாகவும் எட்டாம் மாதம் முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். அரசு உழவு மாடுகளுக்கு ஆண்டுக்கு நான்கு முறை பரிசோதனை. முதலிடம் பெற்றவருக்கு ஒரு குடுவை மதுவும் ஒரு கட்டு உப்புக்கண்டமும் பரிசு. மாட்டின் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் பொறுப்பாளருக்குப் பத்து அடி. தராசில் 120 பங்கில் ஒரு பங்கு பிசகினால் அதிகாரிக்கு ஒரு கவசத்தின் விலை அபராதம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குப் படுவது அதிகம் பேசப்படாத ஒரு விதி. மேலதிகாரியிடம் எதைக் கேட்பதானாலும் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்கக் கூடாது, இன்னொருவரிடம் சொல்லி அனுப்பவும் கூடாது. முகம் பார்த்து, உறவு சொல்லிக் காரியம் சாதிக்கும் பழைய குலத்தலைவர் உலகத்தை மூடுவதற்கு இந்த ஒரு விதி போதும்.

இந்த எந்திரம் பேரரசோடு பிறந்ததன்று. அதற்கும் 130 ஆண்டுகளுக்கு முன்பே, சின் ஒரு மேற்கத்திய எல்லை நாடாக இருந்தபோது, ஷாங் யாங் என்ற அமைச்சர் அதைப் பூட்டத் தொடங்கினார். குடும்பங்களை ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒருவர் குற்றத்துக்கு மற்றவரையும் பொறுப்பாக்கினார். போர்க்களத்தில் எதிரித் தலை கொண்டுவந்தால் தகுதிநிலை உயரும், பிறப்பால் அன்று. ஷாங்காய் அருங்காட்சியகத்தில் அவர் காலத்து வெண்கல முகத்தலளவை ஒன்று இருக்கிறது. கொள்ளளவு சுமார் 200 மில்லிலிட்டர். பக்கவாட்டில் கி.மு. 344ஆம் ஆண்டின் பொறிப்பு. அடிப்பாகத்தில் கி.மு. 221இல் முதல் பேரரசர் வெளியிட்ட ஆணை. இனி நாடெங்கும் இதுவே அளவு என்கிறது ஆணை. ஒரு நாட்டின் உள்ளூர்ப் படி, கைப்பற்றப்பட்ட ஆறு நாடுகளுக்கும் படியாயிற்று. 'ஒருங்கிணைப்பு' என்று நூல்கள் சொல்வதை ஒரு கையில் தூக்கிப் பார்க்க வேண்டுமானால் அந்த அளவையைத்தான் தூக்க வேண்டும்.

அதே 221இல் அரசவையில் ஒரு வாதம் நடந்தது. தலைமை அமைச்சர் வாங் வான் சொன்னது நடைமுறை அறிவுள்ளவர் எவரும் சொல்லக்கூடியது. யென், சி, சூ நாடுகள் வெகு தொலைவில் இருக்கின்றன. இளவரசர்களை அங்கே அரசர்களாக அமர்த்தாவிட்டால் பிடி நழுவும். நீதித்துறைத் தலைவர் லீ சு மறுத்தார். முன்பு ஆண்ட சோ மன்னர்கள் இதைத்தான் செய்தார்கள், சில தலைமுறைகளில் அந்த உறவினர்களே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள் என்றார். பேரரசர் லீ சுவின் பக்கம் நின்றார். நாடு 36 மாவட்டங்களாகப் பிரிந்தது. மாவட்டத்தின் கீழ் வட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் ஒருவர், படைத் தலைவர் ஒருவர், இவ்விருவரையும் கண்காணிக்க மூன்றாமவர். எவருக்கும் பதவி பரம்பரைச் சொத்தாகாது. கைப்பற்றிய ஆயுதங்கள் உருக்கப்பட்டுப் பன்னிரண்டு பெருஞ்சிலைகளாயின. 1,20,000 செல்வக் குடும்பங்கள் தலைநகர் ஷியென்யாங்குக்குக் குடிபெயர்க்கப்பட்டன. எழுத்து, நாணயம், வண்டி அச்சின் அகலம் எல்லாம் ஒன்றாயின.

பேரரசரும் கணக்கர்தான். நாள்தோறும் இத்தனை எடை ஆவணம் என்று தராசில் நிறுத்து வைத்துப் படித்தாராம், அந்த எடை முடியாமல் ஓயமாட்டாராம். நமது கணக்கில் ஏறத்தாழ 30 கிலோ மூங்கில். இதைச் சொன்னவர்கள் புகழ்ந்து சொல்லவில்லை. சாகாமருந்து தேடித் தருவதாக வாங்கித் தின்று, பிறகு அவரை ஏசிவிட்டு ஓடிப்போன இரண்டு மந்திரவாதிகள் சொன்ன குறை அது.

*

மேலிருந்து பார்க்கும்போது ஒழுங்காகத் தெரியும் இந்த அமைப்பு, அடிமட்டத்தில் எப்படி ஓடியது? 2002 வரை இதற்குப் பதில் ஊகம்தான். அந்த ஆண்டு ஹூனான் மாகாண மலைப்பகுதியில், லீயே என்ற ஊரில், நீர்மின் அணை வருவதற்கு முன் அவசரமாக நடந்த அகழாய்வில் ஒரு பழங்கிணறு அகப்பட்டது. அதற்குள் 36,000க்கும் மேற்பட்ட நறுக்குகளும் பலகைகளும் கிடந்தன. எல்லாவற்றிலும் எழுத்து இல்லை. எழுத்துள்ளவை சின் பேரரசின் சியென்லிங் வட்ட அலுவலகத்துக் கோப்புகள், கி.மு. 222 முதல் 208 வரையிலானவை. அந்த வட்டம் அடங்கிய தோங்திங் மாவட்டத்தின் பெயரே மரபு வரலாறுகளில் இல்லை. ஒரு மாவட்டமே வரலாற்றிலிருந்து நழுவி, ஒரு கிணற்றிலிருந்து திரும்பி வந்தது.

அந்தக் கோப்புகளில் கடிதம் எந்த நாளில், நீர்க்கடிகாரத்தின் எந்தக் கோட்டில் வந்தது, யார் கொண்டுவந்தார், யார் பிரித்தார் என்று குறிப்பிருக்கிறது. பெருக்கல் வாய்பாடு எழுதிய பலகையும் உண்டு. ஊழியர் பட்டியல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட இடங்கள் 103. அலுவலகத்தில் இருந்தவர்கள் 51. மீதியில் சில இடங்கள் காலி. மற்றவர்கள் அரசு வேலையாக வெளியூர் போயிருக்கிறார்கள். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். 'சின் சர்வாதிகாரம்' என்று நாம் எழுதும்போது மனத்தில் வருவது கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும் ஒரு பேரமைப்பு. நேரில் போய்ப் பார்த்தால் பாதி நாற்காலி காலி.

அந்தப் பாதி ஆட்களை வைத்துக்கொண்டு அது என்ன செய்தது என்பதற்கு ஒரு கோப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

யாங்லிங் வட்டத்தைச் சேர்ந்த சாதாரண ஆள் ஒருவர். பெயர் வூசு, 'சாகாதே' என்று பொருள். பிள்ளை தங்க வேண்டும் என்று பெற்றோர் வைத்த பெயராக இருக்கலாம். அவர் கட்ட வேண்டிய அபராத பாக்கி 8,064 காசு. அவரோ எல்லைக் காவலுக்குத் தோங்திங் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டார். கி.மு. 214இல் யாங்லிங்கின் பணிமனை அதிகாரி எழுதுகிறார்: ஆள் தோங்திங்கில் எந்த வட்டத்தில் இருக்கிறார் என்று தெரியவில்லை, வீட்டில் கேட்டோம், கட்ட வழியற்ற ஏழைகள், அவர் இருக்குமிடத்தில் வசூலித்துப் பதில் தருக. பதில் வரவில்லை. மறு ஆண்டு யாங்லிங் நினைவூட்டுகிறது. கி.மு. 212இல் தோங்திங்கின் படை அதிகாரி சியென்லிங்குக்கு எழுதுகிறார்: யாங்லிங் வீரர்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள், சட்டப்படி செய்து அறிக்கை அனுப்புக. ஒரு ஏழையின் கடனுக்காக மூன்று ஆண்டுகள், பல நூறு கிலோமீட்டர்கள் கோப்பு நடந்திருக்கிறது. இப்படிப்பட்ட பலகைகள் ஒன்றல்ல, பன்னிரண்டு.

8,064 என்ற எண் வெறும் எண்ணன்று. சின் காலத்து வேறொரு நறுக்குத் தொகுதியிலிருந்து ஒரு கவச அபராதத்தின் காசு மதிப்பு 1,344 என்று இப்போது தெரிகிறது. அதை ஆறால் பெருக்கினால் சரியாக 8,064. ஆக, ஆறு கவசம். ஷீயின் நறுக்குகளின்படி, அபராதம் கட்ட முடியாதவர் அரசுக்கு உழைத்துக் கழிக்கலாம். நாளுக்கு எட்டுக் காசு கழியும், அரசுச் சோறு சாப்பிட்டால் ஆறு காசுதான். எட்டுக் காசு வீதம் 1,008 நாள். அரசுச் சோற்றில் 1,344 நாள். வூசு சாகாமல் இருந்தாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாவது உழைத்திருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்கு ஆறு கவசம் விதித்தார்கள் என்பது பலகையில் இல்லை.

இந்த ஒரு கோப்பில் அரசின் இரண்டு முகமும் தெரிகின்றன. விதி எல்லோருக்கும் ஒன்று, கணக்கு துல்லியம், எந்த அதிகாரியும் மனம்போனபடி கூட்டவோ குறைக்கவோ இல்லை. அதேசமயம், ஏழை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகும் கோப்பை மூடும் வழி அந்த அமைப்புக்குள் இல்லை.

கொடுங்கோன்மை என்று மட்டும் சொல்லி முடித்துவிடவும் கிணறு விடவில்லை. கி.மு. 220இல் தோங்திங் ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். ஆயுதங்களை வேறு மாவட்டங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முதலில் காவல் வீரர்களையும் அரசுக் கைதிகளையும் கடன் கழிப்பவர்களையும் பயன்படுத்துங்கள், உழவு நேரத்தில் குடியானவர்களை இழுக்காதீர்கள், தவிர்க்க முடியாத அவசரத்துக்கே அவர்களை அழைக்கலாம், மீறும் அதிகாரிகளைப் பற்றி எழுதுங்கள் என்கிறார். உழவன் பயிர் செய்தால்தான் கிடங்கு நிறையும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. கருணை இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரிந்து கணக்குதான் இருந்தது. பல நேரம் குடியானவனுக்கு இரண்டும் ஒரே பலனைத் தந்திருக்கும்.

*

அப்படியென்றால் பதினைந்தே ஆண்டுகளில் ஏன் விழுந்தது?

பள்ளிப் பாடம் வரை போய்ச் சேர்ந்துவிட்ட பதில் ஹான் கால வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியது. கி.மு. 209. எல்லைக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த 900 பேர் தாஸே என்ற இடத்தில் பெருமழையில் மாட்டிக்கொண்டார்கள். குறித்த நாளில் போய்ச்சேர வழியில்லை. தாமதத்துக்குத் தலை போகும், கலகம் செய்தாலும் தலை போகும், செத்தால் செய்துவிட்டே சாவோம் என்று சென் ஷெங்கும் வூ குவாங்கும் கிளம்பினார்கள். பேரரசு பற்றிக்கொண்டது.

ஷீயின் கல்லறையில் கிடைத்த கட்டாய உழைப்புச் சட்டம் வேறு சொல்கிறது. மூன்றிலிருந்து ஐந்து நாள் தாமதம் என்றால் கண்டிப்பு. ஆறிலிருந்து பத்து நாள் என்றால் ஒரு கேடயம். அதற்கு மேல் ஒரு கவசம். மழை வந்தால் அந்த அழைப்பே ரத்து. இது வெளிவந்ததும், சென் ஷெங் பொய் சொல்லி ஆட்களைத் தூண்டினார் என்று சிலர் எழுதினார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். இந்தச் சட்டம் கட்டுமான வேலைக்கானது. படைக் காவலுக்கான விதி கடுமையாக இருந்திருக்கலாம், இரண்டாம் பேரரசர் காலத்தில் இன்னும் கடுமையாகியும் இருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். தலை போகும் என்று சொன்னபோது 900 பேரும் நம்பினார்கள். சட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, அதைப் படிக்கத் தெரியாதவன் அதைப்பற்றி என்ன நம்பினான் என்பதுதான் அன்று வேலை செய்தது.

இன்னொரு நறுக்கும் இதோடு சேர்கிறது. கி.மு. 227இல் நான் மாவட்ட ஆட்சியர் தெங் தம் வட்டங்களுக்கு எழுதிய சுற்றறிக்கை ஷீயிடம் இருந்தது. சட்டங்கள் எல்லாம் அறிவித்தாகிவிட்டது. ஆயினும் மக்கள் பழைய ஊர் வழக்கத்தை விடவில்லை, அதிகாரிகளும் கண்டுகொள்வதில்லை என்று புலம்புகிறார். நான் மாவட்டம் சூ நாட்டிலிருந்து கைப்பற்றப்பட்டது கி.மு. 278இல். ஐம்பது ஆண்டுகளாகியும் இந்த நிலை. சூவின் மீதிப்பகுதியும் கிழக்கு நாடுகளும் சின்னின் கைக்கு வந்து, கலகம் வெடிக்கும்போது இருபது ஆண்டுகூட முழுமையாக ஆகவில்லை. அங்கெல்லாம் பதிவேடு போய்ச் சேர்ந்திருந்தது, அதற்கு அடிபணியும் பழக்கம் சேரவில்லை. இதோடு நெடுஞ்சுவர், நேர்ச்சாலை, அரண்மனை, கல்லறை என்று ஒரே தலைமுறையிடம் எல்லா உழைப்பும் கேட்கப்பட்டது. சின் வீழ்ச்சிக்கு 'கடுமை' என்ற ஒற்றைச் சொல் போதாது என்றே நினைக்கிறேன். மேற்கே நூறு ஆண்டுகளில் பழகிய வேகத்தை அந்த அரசு கிழக்கே பத்தே ஆண்டுகளில் எதிர்பார்த்தது.

ஷீ தம் வாழ்க்கைக் குறிப்பை ஆண்டுவாரியாக எழுதி வைத்திருந்தார். போர்கள், பணி மாற்றம், பிள்ளைகள் பிறந்த ஆண்டு. கி.மு. 219க்கு நேரே ஒரு சின்னக் குறிப்பு: பேரரசர் ஆன்லு வழியாகப் போனார் என்பதோடு சரி. ஆன்லு ஷீயின் ஊர்.

*

கி.மு. 206இல் கலகப்படை ஷியென்யாங்குக்குள் நுழைந்தபோது தளபதிகள் பொன்னும் பட்டும் இருக்கும் அறைகளுக்கு ஓடினார்கள். ஷியாவ் ஹ என்பவர் மட்டும் தலைமை அமைச்சர் அலுவலகத்துக்குப் போய் சட்டச் சுவடிகளையும் நிலப்படங்களையும் குடிப்பதிவேடுகளையும் வண்டியில் ஏற்றினார். அவர் முன்பு பெய் வட்டத்தில் சின் அரசின் எழுத்தர். அவருடைய தலைவன் லியூ பாங், அதே பகுதியில் சாலைக் காவல் சாவடி ஒன்றின் பொறுப்பாளர். கணவாய்கள் எங்கே, எந்த ஊரில் எத்தனை குடி, எது வளம், எது வறுமை என்று எதிரியைவிட லியூ பாங்குக்கு நன்றாகத் தெரிந்திருந்ததற்குக் காரணம் அந்த வண்டிதான் என்று வரலாறு ஒப்புக்கொள்கிறது. சின்னைக் கவிழ்த்தவர்கள் அதன் அடிமட்ட ஊழியர்களே. கி.மு. 202இல் அவர்கள் நிறுவிய ஹான் பேரரசு, 'சின்னின் கொடுஞ்சட்டத்தை ஒழித்தோம்' என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டது. ஜாங்ஜியாஷான் என்ற இடத்தில் 247ஆம் கல்லறையில் கிடைத்த, கி.மு. 186ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹான் சட்ட நறுக்குகளைப் படித்தால் தலைப்புகளும் வாசகங்களும் பெரும்பாலும் சின்னுடையவை. பெயர்ப்பலகை மாறியது, கோப்பு மாறவில்லை.

மாறியது வேகம். லியூ பாங் தன் பிடிக்குள் நேரடியாக வைத்துக்கொண்டது மேற்கே 15 மாவட்டங்கள். கிழக்குப் பாதியை அரசர்களிடம் விட்டார். பின்னர் அந்த அரசர்களை ஒவ்வொருவராக நீக்கி, தம் லியூ குலத்தாரை அமர்த்தினார். வாங் வான் கேட்டதும் இதுதான். லீ சு சொன்னதும் நடந்தது. கி.மு. 154இல், சொந்தச் செம்பில் காசடித்து, கடல்நீரில் உப்புக் காய்ச்சிச் செல்வம் சேர்த்திருந்த வூ நாட்டரசன் லியூ பி தலைமையில் ஏழு நாடுகள் எழுந்தன. அரசர்களின் நிலத்தைக் குறைக்கச் சொன்ன சாவ் ஸுவைப் பலிகொடுத்தால் அடங்குவார்கள் என்று எண்ணிய பேரரசர், அவரை அரசவை உடையிலேயே சந்தைக்குக் கொண்டுபோய் வெட்டச் செய்தார். அடங்கவில்லை. பிறகு படை போய் மூன்று மாதத்தில் முடித்தது.

அதற்குப்பின் வந்த முடிவுதான் எனக்குப் பிடித்தது. கி.மு. 127இல் சூஃபு யென் என்பவர் பேரரசர் வூவுக்கு ஒரு யோசனை சொன்னார்: அரசர்களின் நிலத்தைப் பறிக்க வேண்டாம், அவர்கள் எல்லா மகன்களுக்கும் பங்கு கொடுக்க அனுமதியுங்கள். மூத்தவனுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த நாடு இனி எல்லாப் பிள்ளைகளுக்கும். பேரரசரின் அன்பு என்று அதற்குப் பெயர். எந்த இளைய மகன் வேண்டாம் என்பான்? பிரிந்த துண்டுகள் ஒவ்வொன்றும் அருகிலிருந்த மாவட்ட ஆட்சியரின் கீழ் வந்தன. பாகப்பிரிவினையில் ஒரு குடும்பம் எப்படிக் கரையும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை அரச தந்திரமாக்கியது பெரிய மூளை. மிஞ்சியவர்களுக்குக் கி.மு. 112இல் இன்னொரு அடி. மூதாதையர் வழிபாட்டுக்குத் தந்த பொன் எடையிலும் மாற்றிலும் குறைவு என்று 106 பிரபுக்கள் ஒரே வீச்சில் பட்டமிழந்தார்கள். இங்கேயும் தராசு.

காசடிப்பது கி.மு. 113இல் மத்திய அரசிடம் வந்தது. உப்பும் இரும்பும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அரசின் ஏகபோகமாகிவிட்டன.

மாவட்ட ஆட்சியர்களை யார் பார்த்துக்கொள்வது? கி.மு. 106இல் நாடு 13 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆய்வாளர் அனுப்பப்பட்டார். ஆட்சியரின் தகுதிநிலை 2,000 மூட்டை தானியம். அவரைச் சோதிக்க வந்தவரின் தகுதிநிலை 600. சின்ன அதிகாரி பெரிய அதிகாரியின் கோப்பைத் திறக்கலாம், ஆனால் ஆணையிட முடியாது, படை கிடையாது, தொடக்கத்தில் நிலையான அலுவலகமும் கிடையாது. ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு ஆண்டு முடிவில் தலைநகரில் அறிக்கை தர வேண்டும். ஏறிவர ஆசையுள்ள சின்ன அதிகாரி, இழக்க நிறைய உள்ள பெரிய அதிகாரி. இந்த ஏற்பாடு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தாங்கியது. கி.பி. 188இல் கலகங்களை அடக்கவென்று, லியூ யென் சொன்ன யோசனைப்படி, இந்த ஆய்வாளர் பதவிகளில் சிலவற்றை உயர்நிலை ஆளுநர் பதவிகளாக்கிப் படையும் கொடுத்தார்கள். லியூ யென் தாமே ஒரு வட்டாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

ஆய்வாளர் கையில் ஆறு அம்சப் பட்டியல் ஒன்று இருந்தது. அதற்கு வெளியே மூக்கை நுழைக்கக் கூடாது. ஐந்து அம்சங்கள் ஆட்சியர்களின் முறைகேடுகள் பற்றியவை. முதல் அம்சம் மட்டும், அளவுக்கு மீறி நிலம் சேர்த்து எளியவர்களை நெருக்கும் உள்ளூர்ப் பெருங்குடும்பங்களைப் பற்றியது. அதற்கு மறுபடி வருவோம்.

*

இத்தனை கணக்கையும் எழுதியவர்கள் எப்படித் தயாரானார்கள்? ஜாங்ஜியாஷான் நறுக்குகளில் எழுத்தர் பயிற்சிச் சட்டம் இருக்கிறது. எழுத்தர் மகன் 17 வயதில் சேர்ந்து மூன்று ஆண்டு படிக்க வேண்டும். பிறகு தேர்வு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துருக்களை ஓதவும் எழுதவும் முடிந்தால் எழுத்தர். சீனத் தேர்வு முறை என்றால் கன்பூசியசும் கவிதையும் நினைவுக்கு வரும். அதற்கெல்லாம் முந்தியது இந்தக் குமாஸ்தா தேர்வு. கி.மு. 124இல் 50 மாணவர்களோடு தொடங்கிய பேரரசுக் கல்விக்கூடம் மேல்தட்டுக்கு ஆள் தயாரித்தது. அடித்தட்டு எப்போதும் இந்த எழுத்தர்களுடையது.

தோங்ஹாய் மாவட்டத்தைப் பார்த்தால் இந்த அடுக்கு விளங்கும். 1993இல் ஜியாங்சு மாகாணத்தின் யின்வானில் திறக்கப்பட்ட கல்லறை ஒன்றில் அந்த மாவட்டத்தின் நிர்வாகச் சுருக்கம் மரப்பலகைகளில் கிடைத்தது. கி.மு. 10ஐ ஒட்டியது. 38 வட்டங்களும் சிறு பிரபுநாடுகளும், 2,66,290 குடும்பங்கள், 13,97,343 மக்கள், 2,203 அதிகாரிகள். 634 பேருக்கு ஒருவர். வட்டத் தலைவர்கள் அநேகமாக வெளி மாவட்டத்தார், ஏனெனில் சொந்த ஊரில் பதவி கிடையாது. அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். வருகிற தலைவர் சில ஆண்டுகளில் போய்விடுவார். எந்த நிலம் யாருடையது, எந்த வீட்டில் எத்தனை ஆள் என்பதெல்லாம் உள்ளூர் எழுத்தருக்குத்தான் தெரியும். பேரரசின் கண்கள் தலைநகரில் இருந்தன, விரல்களெல்லாம் உள்ளூரில்.

விரல்கள் கணக்கைத் திருத்தவும் கூடும். அதே பலகையில் 80 வயதைக் கடந்தவர்கள் 33,871 பேர் என்றிருக்கிறது. 90 கடந்தவர்கள் 11,670. பதினான்கு லட்சம் பேரில், அந்தக் காலத்து மருத்துவத்தில், நம்புகிறவர்கள் நம்பலாம். முதியோரைப் போற்றுவது ஹான் ஆட்சியின் பெருமை. புறா முடியமைந்த கைத்தடி பெற்ற முதியவரை அடிப்பது பேரரசரை அவமதித்த குற்றம். முதியோர் பெருகினால் ஆட்சியரின் பெயர் விளங்கும், எனவே பெருகினார்கள். இது சந்தேகம் மட்டுமன்று. கி.மு. 67இல் பேரரசர் ஷுவான், ஓடிப்போன 80,000க்கும் மேற்பட்டவர்களைத் திரும்பக் குடியேற்றினார் என்று வாங் செங் என்ற அதிகாரியைப் புகழ்ந்து உயர்த்தினார். எண்ணிக்கை புனைவு என்பது பின்னால் தெரிந்தது.

இருந்தும் இந்த அமைப்பு சிறியவனுக்குச் சில நேரம் கைகொடுத்தது. ஜூயென் பாலைவன எல்லையில் கிடைத்த, கி.பி. 27ஐச் சேர்ந்த 36 நறுக்குகள் ஒரு வழக்கைச் சொல்கின்றன. காவல்படைத் தலைவர் சூ, 5,000 மீனைத் தொலைவுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்க 66 வயது வண்டிக்காரர் ஒருவரை அமர்த்தினார். கூலி ஒரு மாடும் 27 மூட்டைத் தானியமும். கொண்டுவர வேண்டியது 4,00,000 காசு. மீன் விலை போகவில்லை. கிழவர் மாட்டையும் விற்றுச் சேர்த்து 3,20,000 கொடுத்தார். மீதி 80,000 வரவில்லை என்று தலைவர் வழக்குப் போட்டார். ஊர் அதிகாரி கிழவரை விசாரித்து வாக்குமூலம் வாங்கினார். தலைவர் பிடுங்கி வைத்துக்கொண்ட வண்டிச் சாமான்கள், கிழவரின் மகன் மூன்று மாதம் பத்து நாள் தலைவருக்கு மீன் பிடித்துக் கூலி வாங்காத கணக்கு, எல்லாம் எழுத்தில் ஏறின. கூட்டிப் பார்த்துக் கிழவர் கடன்படவில்லை என்று முடிவு சொன்னார்கள். உள்நாட்டுப் போர் நாட்டைக் குலைத்துக்கொண்டிருந்த ஆண்டில், ஒரு படைத் தலைவரை எதிர்த்து, பாலைவனத்தின் ஓரத்தில். அஞ்சல் நிலையங்களில் வழிப்போக்கு அதிகாரிகள் தின்ற கோழிக்குக்கூட வரவு செலவு எழுதிய நாடு அது. துன்ஹுவாங் அருகே ஷுவான்சுவான் நிலையத்தின் கி.மு. 62ஆம் ஆண்டுக் கோழிக் கணக்கு இன்றும் இருக்கிறது.

கி.பி. 2இல் இந்தக் கணக்குகளெல்லாம் கூடி ஒரு எண்ணாயின: 1,22,33,062 குடும்பங்கள், 5,95,94,978 மக்கள். தலைமை அமைச்சர் முதல் கடைசி உதவியாளர் வரை அரசு ஊழியர் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல்.

அதன்பின் வாங் மாங் என்பவர் ஹான் குலத்திடமிருந்து ஆட்சியைப் பிடித்தார். நிலமெல்லாம் அரசுடையது, விற்கக் கூடாது என்று கி.பி. 9இல் ஆணையிட்டார், மூன்றே ஆண்டுகளில் திரும்பப் பெற்றார். அவர் வீழ்ந்தபின் ஹான் அரசை மீட்டவர் பேரரசர் குவாங்வூ, நான்யாங் மாவட்டத்து நிலக்கிழார் குடும்பத்தவர். அவருக்குத் துணை நின்றவர்களும் அத்தகைய குடும்பத்தவர்களே. கி.பி. 39இல் அவர் நிலத்தையும் மக்களையும் மறுபடி அளந்து எண்ணச் சொன்னார். ஆய்வாளரின் முதல் அம்சத்தை இப்போது பேரரசரே கையில் எடுத்தார் எனலாம்.

சென்லியூ மாவட்டத்திலிருந்து வந்த எழுத்தர் தந்த கோப்புகளுக்கிடையே தனியே ஒரு துண்டு இருந்ததைப் பேரரசர் கவனித்தார். யிங்ச்வானிலும் ஹோங்னோங்கிலும் விசாரிக்கலாம், ஹெனானிலும் நான்யாங்கிலும் விசாரிக்க முடியாது என்பது அதன் கருத்து. என்ன இது என்று கேட்டார். தெருவில் கிடைத்தது என்றார் எழுத்தர். திரைக்குப் பின்னால் இருந்த பன்னிரண்டு வயது இளவரசன் விளக்கினான்: அளவெடுக்கும் முறை பற்றி எழுத்தருக்கு அவருடைய மேலதிகாரி தந்த குறிப்பு அது. ஹெனான் தலைநகரம், அங்கே அமைச்சர்களின் நிலம் இருக்கிறது. நான்யாங் பேரரசரின் சொந்த ஊர், அங்கே உறவினர்களின் நிலம். அந்த இரண்டு இடத்தையும் அளவுகோலாகக் கொள்ள முடியாது.

மறுபடி கேட்டபோது எழுத்தர் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு ஹெனான் ஆட்சியரும் பத்துக்கும் மேற்பட்ட பிற ஆட்சியர்களும் அளவையில் பொய் செய்ததற்காகக் கொல்லப்பட்டார்கள். உடனே பல மாவட்டங்களில் பெருங்குடும்பங்கள் ஆயுதம் எடுத்தன; பேரரசர் ஆசை காட்டியும் இடம் மாற்றியும் அவர்களை அடக்கினார். கி.பி. 57இல் அவர் இறந்த ஆண்டின் பதிவேட்டில் இருந்த மக்கள் 2,10,07,820 பேர். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ ஆறு கோடி. போரிலும் பஞ்சத்திலும் வெள்ளத்திலும் செத்தவர்கள் பலர். மற்றவர்கள் நான்யாங் போன்ற ஊர்களில், பெரிய வீடுகளின் மதிலுக்கு உள்ளே, எவருடைய நறுக்கிலும் ஏறாமல் உழுதுகொண்டிருந்தார்கள்.